வீடே பள்ளியாகும்பொழுது: இளஞ்சிறார் கல்வியும் அன்றாடக் குடும்ப வாழ்வும்

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துக் கற்பிக்கும் முறை நம் நாட்டில் பெருவழக்கானதன்று. எனினும் கடந்த சில பத்தாண்டுகளாக நகரங்களில் ஆங்காங்கே இம்முறையை மேற்கொள்ளும் பெற்றோரைக் காண்கிறோம். புதுச்சேரி நகரிலும் அதனை ஒட்டிய ஊர்களிலும் இத்தகைய இல்லங்கள் உள்ளன. இப்பெற்றோரைச் சந்திக்கும் உறவினரும் அயலாரும் முதலில் கேட்பது, பாடத்தை யார் சொல்லித் தருவார், தேர்வை எவ்வாறு எழுதுவர் என்பதே. இவை கேட்கத்தக்க வினாக்களே. ஆயினும், அவ்வில்லத்தில் காலை முதல் இரவு வரை நிகழ்வது யாது, யார் எவ்வளவு உழைக்கின்றனர், குழந்தை யாரோடு பேசி விளையாடுகிறது என்னும் வினாக்கள் அவற்றினும் முதன்மையானவை. பாடநூல் பொருந்தவில்லையெனில் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம். குடும்ப வாழ்வின் ஒழுங்கு குலைந்தால் அதனைக் கடையில் வாங்க இயலாது.

வீட்டுக் கல்வியைப் புகழ்வதோ பழிப்பதோ இக்கட்டுரையின் நோக்கமன்று. அது எத்தகைய வாழ்வைக் குடும்பத்திற்குத் தருகிறது என்பதை விளக்குவதே நோக்கம். ஆலோசனை நாடி வரும் பெற்றோருக்கு விடை கூறவேண்டிய நிலையிலுள்ள ஆயர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இவ்விளக்கம் பயன்படக்கூடும்.

1. எது வீட்டுக் கல்வி?

மூன்று வேறு நிலைகளை மக்கள் ஒரே பெயரால் குறிப்பிடுவதுண்டு. பள்ளிக்குச் சென்றுவரும் பிள்ளைக்கு மாலையில் பாடம் சொல்லித் தருவது முதலாவது. இது பள்ளிக்குத் துணையே. பள்ளிகள் மூடப்பட்டபோது பிள்ளைகள் வீட்டிலிருந்து கற்றது இரண்டாவது. பாடத்திட்டம், நேரம், தேர்வு ஆகிய அனைத்தையும் பெற்றோரே பொறுப்பேற்று நடத்துவது மூன்றாவது. இம்மூன்றாவதனையே ஈண்டு வீட்டுக் கல்வி என்கிறோம்.

இரண்டாவது நிலையை நாம் யாவரும் கண்டிருக்கிறோம். 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நோய்த்தொற்றின் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டன. உலகெங்கும் 150 கோடிக்கு மேற்பட்ட மாணவர்கள் வீட்டில் தங்க நேர்ந்ததாக யுனெஸ்கோ நிறுவனம் கணக்கிட்டது. அதன் விளைவு என்ன? இந்திய ஊரகப் பகுதிகளில் நடத்தப்பட்ட 'அசர்' ஆய்வின்படி, இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கக்கூடிய மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் 2018இல் நூற்றுக்கு 27.3 பேர், 2022இல் அவ்வெண்ணிக்கை 20.5 ஆகக் குறைந்தது. இழப்பை ஈடுசெய்யத் தமிழ்நாட்டு அரசு 'இல்லம் தேடிக் கல்வி' என்னும் திட்டத்தை 2021ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கியது. அதன் தொடக்க விழா புதுச்சேரிக்கு அண்மையிலுள்ள மரக்காணம் பகுதியில் நடைபெற்றது. தன்னார்வலர்கள் தெருக்களிலும் திண்ணைகளிலும் பிள்ளைகளைக் கூட்டிக் கற்பித்தனர். வீட்டில் இருப்பதனாலேயே குழந்தை கற்றுவிடாது என்பதும், கற்பிக்க நேரமும் மனமும் உடைய ஒருவர் அருகில் இருத்தல் வேண்டும் என்பதும் இவ்வனுபவம் தந்த பாடம்.

தாமாக விரும்பி இம்முறையை மேற்கொள்வோரிடையே இருவகைக் கருத்துகள் உள்ளன. இங்கிலாந்தில் வாழ்ந்த சார்லட் மேசன் அம்மையார் (1842–1923) நல்லொழுக்கப் பழக்கங்களையும் ஒழுங்கான நாளையும் வலியுறுத்தினார். எட்டு வயதிற்குட்பட்டோருக்கு ஒரு பாடம் இருபது நிமிடங்களைத் தாண்டலாகாது என்பது அவரது கொள்கை. அமெரிக்கரான ஜான் ஹோல்ட் (1923–1985) குழந்தையின் இயல்பான ஆர்வத்தை நம்பி, பாடவேளை என ஒன்றை வற்புறுத்தாமல் விடுதலே நன்று என்றார். 1977இல் அவர் தொடங்கிய இதழ் இக்கருத்தைப் பல நாடுகளுக்கும் கொண்டுசென்றது. நம் ஊர்ப் பெற்றோர் பெரும்பாலும் இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழியிலேயே நடக்கின்றனர்.

2. புதுவை கண்ட வழிகள்

வீட்டிற்கும் பள்ளிக்கும் இடையே இன்றுள்ள உறுதியான எல்லை பழங்காலத்தில் இல்லை. திண்ணைப் பள்ளி என்பதே வீட்டின் ஒரு பகுதியன்றோ? மணலில் விரலால் எழுதியும், ஓலையில் எழுத்தாணியால் எழுதியும், எண்சுவடியை உரக்கச் சொல்லியும் பிள்ளைகள் கற்றனர். ஆயினும் அத்திண்ணையில் அனைவருக்கும் இடமிருக்கவில்லை. சாதியினாலும் வறுமையினாலும் பெண்ணாய்ப் பிறந்ததனாலும் விலக்கப்பட்டோர் பலர். யாவருக்கும் கதவு திறந்த பொதுப்பள்ளி என்பது அத்தகையோர் நெடுங்காலம் காத்திருந்து பெற்ற பேறு. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சியினர் 1930ஆம் ஆண்டிலேயே பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு வழங்கத் தொடங்கினர். பள்ளி தருவது எழுத்தறிவு மட்டுமன்று. உணவும், தோழமையும், வீட்டிற்கு வெளியே தன்னைக் கவனிக்கும் ஒரு பெரியவரும் அங்கே குழந்தைக்குக் கிடைக்கின்றனர். பள்ளியைத் தளை என எளிதில் பேசிவிடுவோர் இதனை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

1908ஆம் ஆண்டில் புதுவைக்கு வந்து 1918 வரை இந்நகரில் வாழ்ந்த பாரதியாரின் இல்லத்தில் தங்கம்மாள், சகுந்தலா ஆகிய இரு பெண்மக்கள் வளர்ந்தனர். பாப்பாப் பாட்டும் புதிய ஆத்திசூடியும் அப்புதுவை வாழ்வின்போது தோன்றியவை. நண்பர் மண்டயம் சீனிவாசாச்சாரியாரின் மகளாகிய யதுகிரி அம்மாள் பின்னாளில் எழுதிய 'பாரதி நினைவுகள்' என்னும் நூலும், சகுந்தலா பாரதி எழுதிய 'என் தந்தை' என்னும் நூலும் அவ்வில்லங்களின் அன்றாட வாழ்வை நமக்குக் காட்டுகின்றன. வறுமையும் ஒற்றர்களின் கண்காணிப்பும் சூழ்ந்திருந்தும், பிள்ளைகள் பெரியோரின் உரையாடலுக்கு நடுவே வளர்ந்தனர். பாடல்களைப் பாடியவர் வாயாலேயே கேட்டனர். ஒரு வீட்டிலிருந்து மறுவீட்டிற்கு உரிமையோடு சென்றுவந்தனர். வீட்டுக் கல்வி என்னும் பெயரால் இது நடைபெறவில்லை. ஆயினும் வீட்டில் கற்கும் குழந்தைக்குப் பெற்றோரைத் தவிரப் பிற பெரியோரும் தேவை என்பதற்கு இது தக்க சான்று.

மற்றொரு நிகழ்ச்சியும் நோக்கத்தக்கது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பல குடும்பங்கள் பிள்ளைகளோடு ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தை வந்தடைந்தன. வீடுகளில் இருந்த அச்சிறுவர்களுக்கென 1943ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் ஏறத்தாழ இருபது பேரோடு ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. நாளடைவில் அது பெருங்கல்வி நிலையமாக வளர்ந்தது. வழக்கமான தேர்வுகளையும் பட்டங்களையும் விரும்பாதோர்கூடத் தம் பிள்ளைகளை ஓரிடத்தில் கூட்டவேண்டிய தேவையை உணர்ந்தனர் என்பது இங்குத் தெளிவாகிறது.

இவ்விரு போக்குகளும் இவ்விதழின் வாசகர்களுக்குப் புதியன அல்ல. மார்ட்டின் லூத்தர் 1524இல் ஜெர்மானிய நகராட்சியினருக்கு எழுதிய மடலில், பெற்றோரிற் பலருக்குக் கற்பிக்கும் திறனும் நேரமும் இல்லையாதலால் நகரங்கள் பள்ளிகளை நிறுவவேண்டும் என வாதிட்டார். அவரே 1529இல் வெளியிட்ட சிறிய ஞானோபதேச நூலை வீட்டுத் தலைவர் தம் வீட்டாருக்குக் கற்பிக்கத்தக்க முறையில் அமைத்தார். வீட்டின் கடமையையும் பள்ளியின் தேவையையும் ஒருவரே ஒருங்கு வலியுறுத்தியது எண்ணத்தக்கது.

3. சட்டம் கூறுவது யாது?

நம் நாட்டில் 2009ஆம் ஆண்டில் நிறைவேற்றப்பட்ட இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் அண்மைப் பள்ளியில் கல்வி பெறும் உரிமையை அது வழங்குகிறது. அதன் 10ஆம் பிரிவு, பிள்ளையைப் பள்ளியிற் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. ஆயினும் அக்கடமையைச் செய்யாத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அச்சட்டம் விதிக்கவில்லை. வீட்டுக் கல்வியை அது பெயர் சொல்லி ஏற்கவுமில்லை, விலக்கவுமில்லை. இவ்வினா தில்லி உயர்நீதிமன்றம் வரை சென்றதுண்டு.

பிரெஞ்சு மரபு வேறு வகையினது. பிரான்சு நாட்டில் 1882ஆம் ஆண்டு மார்ச்சு 28ஆம் நாள் வெளியான ஃபெரி சட்டம் கல்வியைக் கட்டாயமாக்கியது. அக்கல்வியைப் பள்ளியிலோ வீட்டிலோ பெறலாம் என்றும், வீட்டில் பெறுவோர் ஆண்டுதோறும் தேர்வுக்கு உட்பட வேண்டும் என்றும் கூறியது. 2021ஆம் ஆண்டின் புதிய சட்டமோ இவ்வுரிமையைச் சுருக்கி, வீட்டில் கற்பிக்க அரசின் முன் அனுமதி பெறவேண்டும் என்றாக்கியது. ஒரு மரபு 'கற்பிக்கப்பட்டதா?' எனக் கேட்கிறது. மற்றொன்று 'பள்ளியிற் சேர்க்கப்பட்டதா?' எனக் கேட்கிறது. குழந்தையின் நலனைக் காக்க விரும்பும் சமுதாயம் இரண்டையுமே கேட்கவேண்டியுள்ளது. வீட்டில் கற்பிக்கிறோம் என்று கூறிக்கொண்டு குழந்தையை வேலைக்கு அனுப்புவோரும், பெண்குழந்தையை அடுப்படியில் முடக்குவோரும் உண்டு. அவர்களிடமிருந்து குழந்தையைக் காக்கும் வேலியாகவே நம் சட்டம் எழுந்தது. ஆகவே மனச்சான்றோடு கற்பிக்கும் பெற்றோர், கேட்போருக்குக் காட்டத்தக்க வகையில் தம் பணியை ஒழுங்காக வைத்திருத்தல் கடமையாகும்.

4. ஒரு நாளின் ஒழுங்கு

ஆறு வயதிலும் மூன்று வயதிலும் இரு பிள்ளைகள் உள்ள ஓர் இல்லத்தை எண்ணிப் பார்ப்போம். தந்தை அலுவலகம் செல்பவர். தாய் வீட்டில் இருப்பவர். பாட்டியாரும் உடன் வாழ்கிறார். மூத்த குழந்தைக்கு நாள்தோறும் எத்தனை மணி நேரம் பாடம் வேண்டும்?

கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஆண்டில் 200 வேலைநாள்களும் 800 மணி நேரக் கற்பித்தலும் வேண்டும் என்கிறது. நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் ஆகிறது. புதிதாகத் தொடங்கும் பெற்றோர் இதனை அப்படியே வீட்டிற்குக் கொண்டுவர முயன்று, ஒரு திங்களுக்குள் களைத்துவிடுகின்றனர். பள்ளியில் ஓர் ஆசிரியருக்கு முப்பது பிள்ளைகள் என்பது சட்டம் காட்டும் அளவு. வருகைப் பதிவு, அமைதிப்படுத்தல், ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் காத்திருத்தல் ஆகியவற்றில் கழியும் நேரம் அந்நான்கு மணிக்குள் அடங்கியுள்ளது. ஒரே குழந்தையின் அருகில் அமர்ந்து கற்பிக்கும்போது, ஆறு வயதினருக்கு ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரப் பாடம் போதுமானது. அதனையும் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்தல் நன்று.

கடற்கரை நகராகிய புதுவையில் வெயிலும் புழுக்கமும் நண்பகலுக்கு முன்னரே மிகுந்துவிடும். ஆதலால் எழுத்தும் கணக்கும் காலையிலேயே நிகழ்வது பொருந்தும். முதலில் இருபது நிமிடம் வாசிப்பு; சிறிது ஓடியாடியபின் இருபது நிமிடம் கணக்கு; பின்னர் எழுதுதல். தமிழ் எழுத்துகள் 247 என்றதும் பெற்றோர் அஞ்சவேண்டியதில்லை. பன்னிரண்டு உயிரும் பதினெட்டு மெய்யும் அறிந்து, கால், கொம்பு, சுழி முதலிய குறிகளின் வேலையைப் புரிந்துகொண்ட குழந்தை 216 உயிர்மெய்களையும் தானே கூட்டி வாசிக்கும். ட, ப என நேர்கோடுகளால் ஆன எழுத்துகளில் தொடங்கினால் பிஞ்சுக்கை விரைவில் பழகும்.

இவ்வேளையில் மூன்று வயதுக் குழந்தை என்ன செய்யும்? வீட்டுக் கல்வியின் மிகப் பெரிய அன்றாட இடர் இதுவே. மூத்ததற்குப் புத்தகத்தைத் திறந்தவுடன் இளையது மடியில் ஏறும், எழுதுகோலைப் பறிக்கும், பசி என்று அழும். அதனை விலக்கி விரட்டினால், பாடம் என்பது தன்னிடமிருந்து தாயைப் பிரிக்கும் ஒன்று என அது எண்ணத் தொடங்கும். பட்டறிவுள்ள தாய்மார் இளையதற்கே முதற்கால் மணி நேரத்தை அளிக்கின்றனர். கதை கேட்டு நிறைவடைந்த குழந்தை பின்னர்ப் பாட்டியாரோடு புளியங்கொட்டைகளை எண்ணிக்கொண்டோ, தட்டில் பரப்பிய அரிசி மாவில் கோடு கிழித்துக்கொண்டோ அமைதியாய் இருக்கும்.

பாடம் தொடங்குவதற்கும் முடிவதற்கும் தெளிவான அடையாளம் இருத்தல் வேண்டும். பாய் விரித்தால் தொடக்கம், சுருட்டினால் முடிவு என்பது போன்ற எளிய வழக்கமே போதும். எல்லையில்லாத பாடவேளை தாயையும் வருத்தும், சேயையும் வருத்தும். வாரத்தில் ஒருநாளேனும் பாடம் முற்றும் ஓய்ந்திருத்தல் வேண்டும். விருந்தினர் வருகை, காய்ச்சல், உறவினர் வீட்டுத் திருமணம் ஆகியவற்றால் பாடம் நின்றுபோகும் நாள்கள் ஒவ்வொரு திங்களிலும் உண்டு. அவற்றை முன்னரே கணக்கிற் கொண்டு திட்டமிடுவோர் மனம் தளர்வதில்லை.

5. வேலையும் பாடமும்

வீட்டிலிருக்கும் குழந்தைக்கு வீட்டு வேலைகளே பாதிப் பாடம். அரை லிட்டர் பாண்லே பால் உறைகள் இரண்டு சேர்ந்தால் ஒரு லிட்டர் என்பதைக் கையால் தூக்கி அறிந்த குழந்தைக்குப் பின்னம் கடினமாவதில்லை. வாசலில் கோலமிடும் இல்லங்களில் புள்ளிகளின் வரிசை எண்ணையும் ஒப்புமையையும் கற்பிக்கிறது. குபேர் அங்காடியாகிய பெரிய மார்க்கெட்டிற்குத் தாயோடு செல்லும் பிள்ளை எடை, விலை, மீதிச் சில்லறை ஆகியவற்றைக் கண்ணாரக் காண்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. அக்காலத்தில் மீனின் விலை ஏன் உயர்கிறது எனக் குழந்தை வினவினால், மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் பருவத்தைப் பற்றிய பாடம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. தமிழிலும் பிரெஞ்சிலும் எழுதப்பட்ட வீதிப் பெயர்ப்பலகைகள் வாசிப்புக்கும் வரலாற்றுக்கும் வாயில்களாகின்றன. 1826இல் அமைந்த தாவரவியல் பூங்காவும், 1827இல் தோன்றி இன்று ரோமன் ரோலந்து பெயரால் விளங்கும் பொது நூலகமும் இந்நகரப் பெற்றோருக்குக் கிடைத்த நற்கருவிகள்.

எனினும் ஓர் எச்சரிக்கை தேவை. எல்லாவற்றையும் பாடமாக்கும் ஆர்வம் சில பெற்றோரைப் பற்றிக்கொள்கிறது. தோசை உண்ணும்போது வட்டத்தின் இலக்கணம், கடலைக் காணும்போது அலையின் விளக்கம் என்று வினாக்கள் தொடர்ந்தால், குழந்தை வாய்திறக்கவே அஞ்சும். கேட்டபோது விளக்குவதும் கேளாதபோது உடனிருப்பதும் போதும். அவ்வாறே, வேலையைப் பாடம் என்று பெயரிட்டு மூத்த பெண்ணின் தலையில் இளையோரைப் பார்க்கும் பொறுப்பை ஏற்றுவதும் நேர்மையாகாது.

6. பாரம் யாருடையது?

'நாங்கள் வீட்டிலேயே கற்பிக்கிறோம்' எனத் தந்தையர் கூறும்போது, 'நாங்கள்' என்னும் சொல்லின் உட்பொருளைக் கேட்டறிதல் நன்று. பெரும்பாலும் அச்சொல் தாய் ஒருவரையே குறிக்கிறது. இந்திய அரசு 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கெனச் செலவிடுவது நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள். அவ்வேலையில் ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 97 நிமிடங்கள். ஏறத்தாழ ஐந்து மணி நேரம் வீட்டு வேலை செய்பவர்மீது ஆசிரியப் பணியையும் ஏற்றினால், எதனைக் குறைப்பது என்னும் வினா எழுந்தே தீரும். பிள்ளைகள் பள்ளி சென்ற வேளையில் தாய்க்குக் கிடைத்த சிறிது தனிமையும் இம்முறையில் இல்லாமற் போகிறது. ஊதியம் பெற்றுவந்த வேலையை அவர் விட்டுவிட்டால் குடும்பத்தின் வருவாய் மட்டுமன்றி, அவரது பிற்கால வாழ்வும் பாதிக்கப்படும்.

ஆகவே கற்பித்தல் தொடங்கும் முன்னரே வேலைப்பங்கீடு முடிவாதல் வேண்டும். காலையுணவையும் பிள்ளைகளின் குளியலையும் தந்தை ஏற்றுக்கொண்டால், தாய் களைப்பின்றிப் பாய் விரிக்கலாம். மாலையில் கதை வாசிப்பதும், வாரத்தில் இருநாள் கணக்கைக் கற்பிப்பதும் தந்தையின் பங்காகலாம். மதிய உணவு எளிமையாய் அமைவதில் இழுக்கொன்றுமில்லை. வாரத்தில் ஒரு மாலைப்பொழுதேனும் தாய் தமக்கென வைத்துக்கொள்ளுதல் வேண்டும். இவற்றைத் தர மனமில்லாத குடும்பம் இம்முறையைத் தொடங்காதிருத்தலே அன்பின் செயலாகும்.

இதனினும் நுண்ணிய இடர் ஒன்றுண்டு. பள்ளியில் ஆசிரியர் கடிந்துகொண்டால், குழந்தை வீட்டிற்கு ஓடிவந்து தாயின் மடியில் முகம் புதைக்கும். தாயே ஆசிரியை ஆகிவிட்ட வீட்டில், கடிந்துகொள்பவரும் தேற்றுபவரும் ஒருவரே. கூட்டல் தவறியதற்காகச் சினந்த முகம் சோறூட்டும்போதும் மாறாதிருந்தால், அக்குழந்தை ஓடிச் சென்று அடைய வேறிடமில்லை. எனவே பாடத்தில் தோன்றிய சினம் பாய் சுருட்டப்படும்போதே தீர்ந்துவிடல் வேண்டும். தீராத நாளில் பாடத்தை நிறுத்திவிடலாம். இருபது நிமிடப் பாடம் மறுநாளும் காத்திருக்கும். பாட்டியாரோ அத்தையோ அயல்வீட்டு ஆசிரியரோ ஒருவர் குழந்தையோடு நெருங்கிப் பழகுவது இதன்பொருட்டும் இன்றியமையாதது. பெற்றோரிடம் சொல்ல இயலாததைச் சொல்வதற்கு ஒவ்வொரு குழந்தைக்கும் வேறொரு பெரியவர் வேண்டும்.

7. தோழரும் அயலாரும்

வீட்டில் கற்கும் பிள்ளை எவரோடும் பழக அறியாமல் வளரும் என்பது பொதுவான அச்சம். இவ்வச்சத்தில் உண்மையும் உண்டு, மிகையும் உண்டு. பல வயதினரோடு உரையாடும் திறன் அத்தகைய பிள்ளைகளுக்கு எளிதில் வாய்ப்பதுண்டு. தெருப்பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்பும் நேரத்தில் விளையாட விடுவதும், வாகனங்கள் நிறுத்தப்படும் மாலைவேளையில் கடற்கரைச் சாலைக்கு அழைத்துச் செல்வதும், பாட்டு, நீச்சல், கைத்தொழில் ஆகியவற்றைப் பிறரோடு சேர்ந்து கற்கச் செய்வதும் தனிமையைப் போக்கும்.

ஆயினும் தேர்ந்தெடுத்த தோழரும் தற்செயலாய் வாய்த்த தோழரும் ஒன்றல்லர். பெற்றோர் தேர்ந்தெடுக்கும் வட்டம் பெரும்பாலும் அவர்களைப் போன்றவர்களாலேயே அமையும். பள்ளி இருக்கையில் அருகமரும் பிள்ளை வேறு சாதியினராய், வேறு சமயத்தினராய், மீனவர் குடியிருப்பிலிருந்து வருபவராய் இருத்தல் கூடும். அவரோடு பலகாரத்தைப் பகிர்ந்துண்ட நினைவு வாழ்நாள் முழுவதும் மனிதரைச் சமமாய்க் காணக் கற்பிக்கிறது. வீட்டில் கற்பிக்கும் பெற்றோர் தாமாக முயன்றாலன்றி இப்பாடம் அவர்களது பாடத்திட்டத்தில் இடம்பெறாது.

8. கணக்கும் திரும்பும் வழியும்

இளஞ்சிறாருக்குத் தேர்வு தேவையில்லை. ஆனால் குறிப்பேடு தேவை. ஒவ்வொரு வாரமும் வாசித்த கதை, கற்ற கணக்கு, குழந்தையே எழுதிய ஒரு பக்கம் ஆகியவற்றை நாளிட்டு வைத்தால், ஆறு திங்களில் வளர்ச்சியோ தேக்கமோ தெளிவாய்த் தெரியும். ஏழு வயது கடந்தும் எழுத்துகள் தலைகீழாய்த் தோன்றினாலோ, பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாவிட்டாலோ கண், செவி ஆகியவற்றையும் கற்றல் திறனையும் உரியவரிடம் காட்டுதல் வேண்டும். பல பிள்ளைகளைக் கண்ட ஆசிரியர் விரைவில் உணரும் குறைகளைத் தம் பிள்ளையை மட்டுமே கண்ட பெற்றோர் காணத் தவறக்கூடும்.

பாடநூலைத் தேர்ந்தெடுக்கும்போது, குழந்தை பிற்காலத்தில் எப்பள்ளியிற் சேரக்கூடும் என்பதையும் எண்ணுதல் வேண்டும். புதுச்சேரிக்கெனத் தனிக் கல்வி வாரியம் இல்லை. நெடுங்காலமாகத் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தைப் பின்பற்றிய இந்நகர அரசுப் பள்ளிகள், 2023–24ஆம் கல்வியாண்டு முதல் உயர்வகுப்புகளிலும் மத்திய வாரியப் பாடத்திட்டத்திற்கு மாறத் தொடங்கின.

பள்ளிக்குத் திரும்பும் வழி அடைபடவில்லை என்பது பெற்றோருக்கு ஆறுதல் தரும் செய்தி. கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, பள்ளியிற் சேராதிருந்த குழந்தையை அதன் வயதிற்கேற்ற வகுப்பில் சேர்க்கவேண்டும் எனவும், பிறரோடு ஒத்து நடக்கத் தனிப்பயிற்சி அளிக்கவேண்டும் எனவும் கூறுகிறது. பள்ளியிற் சேராமலே தொடர விரும்புவோருக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளிக்கல்வி நிறுவனம் உண்டு. 1989இல் தொடங்கப்பெற்ற இந்நிறுவனம் 3, 5, 8ஆம் வகுப்புகளுக்கு இணையான அடிப்படைக் கல்வி நிலைகளையும், பதினான்கு வயது நிறைந்தோருக்குப் பத்தாம் வகுப்பிற்கு இணையான தேர்வையும் நடத்துகிறது. ஐந்தாண்டுகளுக்குள் ஒவ்வொரு பாடமாக எழுதி முடிக்கவும் அது இடமளிக்கிறது.

முடிவுரை

வீட்டில் கற்பிக்கலாமா என வினவும் பெற்றோருக்கு 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ ஒரே விடை கூற இயலாது. அவர்களிடம் சில வினாக்களைத் திருப்பிக் கேட்கலாம். நாள்தோறும் கற்பிப்பவர் யார்? அவருடைய வேலைகளில் எவற்றைப் பிறர் ஏற்றுக்கொண்டீர்கள்? அவர் நோயுற்றால் மாற்றாள் யார்? பிள்ளை மனம்விட்டுப் பேசத்தக்க வேறொரு பெரியவர் உண்டா? உங்கள் வட்டத்தைச் சாராத தோழர் எவரேனும் அதற்கு உண்டா? ஓராண்டு கழித்து இம்முறை பொருந்தவில்லையெனில், வெட்கமின்றிப் பள்ளிக்கு அனுப்ப உங்களால் இயலுமா?

இவ்வினாக்களுக்குத் தெளிவான விடைகளையுடைய குடும்பம், நூல்கள் சிலவே இருப்பினும், நன்கு கற்பிக்கும். விடையில்லாத குடும்பத்திற்கு விலையுயர்ந்த பாடத்திட்டமும் துணைசெய்யாது. கடைசி வினாவுக்கான விடையை ஆண்டுதோறும் புதிதாய்க் கூறவேண்டியவர்களும் பெற்றோரே. அவ்வாறு கூறும்போது, வயதிற்கேற்பக் குழந்தையின் விருப்பத்தையும் கேட்டறிதல் வேண்டும். ஏழு வயதுக் குழந்தைக்கும் தான் எங்கே, யாரோடு கற்க விரும்புகிறது என்று சொல்லத் தெரியும்.